கோயில் காட்டுப் பாலைப்பழம்: தின்னலாமா, நடலாமா?

புதுக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. ஊர்க் கோயில் காட்டில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. பெரியவர்கள் அதைப் பாலை என்கிறார்கள். கோடையில் வேப்பம்பழ அளவில் மஞ்சள் பழம் உதிர்கிறது, பிள்ளைகள் பொறுக்கித் தின்கிறார்கள். இணையத்தில் 'பாலை' என்று தேடினால் ஓரிடத்தில் தோல் நோய்க்குத் தைலம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் நச்சுப்பால் என்கிறார்கள். பழத்தைத் தின்னலாமா, பட்டையை மருந்துக்கு எடுக்கலாமா, சும்மா கிடக்கிற இரண்டு ஏக்கரில் இதையே நட்டுவிட்டால் என்ன? கடைசிக் கேள்விதான் உங்கள் மனதில் பெரிதாக நிற்கிறது என்று படுகிறது. அதற்கு வருவதற்கு முன்னால் மரம் எது என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தவறினால் மற்ற பதில்கள் எல்லாமே தவறாகிவிடும்.

நான் தாவரவியல் படித்துவிட்டு நாற்றங்கால் வேலைக்கு வந்தவன். காட்டு மரங்களில் விதை எடுப்பதும், கன்று வளர்ப்பதும், ஒட்டுக் கட்டுவதும் என் பிழைப்பு. வைத்தியம் என் துறை இல்லை. அதனால் மருந்து பற்றிய பகுதியில் எனக்குத் தெரிந்த எல்லைக்குள் நின்றுகொள்கிறேன்.

தமிழில் பாலை என்ற பெயரில் குறைந்தது நான்கு மரங்கள் இருக்கின்றன. வெட்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை ஆகிய மூன்றும் அரளிக் குடும்பம். உங்கள் மரம், நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், உலக்கைப்பாலை. தாவரவியலில் மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா. இது சப்போட்டாக் குடும்பத்து மரம். இலுப்பையும் மகிழும் இதற்குப் பங்காளிகள். சப்போட்டாவோ இன்னும் நெருக்கம், இரண்டும் மணில்காரா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நான்கு பாலைகளிலும் கிள்ளினால் வெள்ளைப் பால் வருவதால் பெயர் ஒட்டிக்கொண்டது, மற்ற மூன்றுக்கும் உலக்கைப்பாலைக்கும் உறவு ஒன்றும் கிடையாது. இணையத்தில் நீங்கள் பார்த்த தோல் நோய்த் தைலம் வெட்பாலை இலையில் செய்வது. நச்சு என்ற எச்சரிக்கையும் அரளிக் குடும்பத்துப் பாலைகளை நினைத்து எழுதப்பட்டதாகத்தான் இருக்கும். அந்தக் குடும்பத்தில் கொடிய நஞ்சுள்ள செடிகள் உண்டு என்பதால் அப்படி எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது.

பிரித்தறிவது கடினமில்லை. அரளிக் குடும்பத்துப் பாலைகளில் இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக இருக்கும், ஏழிலைப்பாலையில் ஒரே கணுவைச் சுற்றி வட்டமாக இருக்கும். அவற்றின் காய் நீளமான நெற்று, இரண்டிரண்டாகத் தொங்கும், வெடித்தால் பஞ்சு முளைத்த விதைகள் பறக்கும். சதைப்பழம் அவற்றில் கிடையவே கிடையாது. உலக்கைப்பாலையில் இலைகள் மாறி மாறி அமைந்து, கிளை நுனியில் கொத்தாகக் கூடி நிற்கும். தடித்த, தோல் போன்ற இலை. மேலே கரும்பச்சை, அடியில் வெளிறிய நிறம். நுனி கூராக இருக்காது. மழுங்கி, நடுவில் சின்னதாக உள்வாங்கியிருக்கும். இந்த உள்வாங்கிய நுனியை நான் மிகவும் நம்புவேன். அடிமரத்துப் பட்டை கருமை படர்ந்த சாம்பல் நிறம், ஆழமான வெடிப்புகள் ஓடியிருக்கும், உட்பட்டை சிவந்திருக்கும். பழம் நீளவாக்கில் உருண்டது, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருந்தாலே அதிகம், உள்ளே பெரும்பாலும் ஒரே விதை. விதை பழுப்புச் சிவப்பில், எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். சப்போட்டா விதையைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சுருக்கிச் செய்ததுபோல் இருக்கும்.

மகிழோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. மகிழம்பழம் ஆரஞ்சு நிறம், இதைவிடப் பெரியது, துவர்ப்பு அதிகம். மகிழ இலை நுனி கூராகவும் ஓரம் அலையலையாகவும் இருக்கும். மகிழம்பழமும் தின்னக்கூடியதுதான், அதனால் அந்தக் குழப்பத்தில் ஆபத்து இல்லை. ஆனால் மஞ்சள் பழம் என்ற ஒரே அடையாளத்தை வைத்துத் தெரியாத மரத்தின் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இலை, விதை, பட்டை மூன்றும் நான் சொன்னபடி பொருந்த வேண்டும்.

பொருந்துகிறதா? சரி, அப்படியானால் பழத்தைத் தாராளமாகத் தின்னலாம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்றுவரும் பழம் இது. வட இந்தியாவில் கிர்னி, குஜராத்தில் ராயண் என்ற பெயரில் சந்தைக்கே வருகிறது. இலங்கையின் வன்னிப் பகுதியில் வைகாசி, ஆனி மாதங்களில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனால் வீதியோரத்தில் பாலைப்பழம் விற்பதைப் பார்க்கலாம். யாழ்ப்பாணச் சந்தைக்கும் வரும். நம் பக்கத்தில் அது சந்தைப் பழமாகாமல் போனதற்குக் காரணம் ருசி இல்லை. பெரிய அளவில் பாலைக் காடு நம்மிடம் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

ருசியைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நல்ல இனிப்பு, சப்போட்டாவின் சாயல் கொஞ்சம், கடைசியில் லேசான துவர்ப்பு. தொல்லை என்னவென்றால் பால். மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த பழத்தை நாலைந்து தின்றதுமே உதட்டில் பசை படிந்து, வாயைத் திறப்பதற்கே ஒரு முயற்சி தேவைப்படும். தண்ணீரில் கழுவினால் போகாது. எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும், பலாப்பழம் அறுக்கிறவர்களுக்குத் தெரிந்த வழிதான். அதைவிட நல்லது, தானாக உதிர்ந்த பழத்தை எடுப்பது, அல்லது பறித்ததை ஒரு நாள் பரப்பிவைத்து அப்புறம் தின்பது. பழம் நன்றாகக் கனியக் கனியப் பால் குறைந்துவிடும். லேசாகச் சுருக்கம் விழுந்த பழம்தான் அதிக இனிப்பு. பார்க்க அழகாக, விறைப்பாக இருக்கிற பழத்தைப் பொறுக்குகிறவர் ஏமாந்துபோவார்.

பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. விதை வழுவழுப்பானது, கெட்டியானது. ரொம்பச் சின்னப் பிள்ளைக்கு விதையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், தொண்டையில் சிக்கும். விதையை உடைத்து உள்ளே இருக்கிற பருப்பைத் தின்னவும் விடாதீர்கள். அதில் எண்ணெய் உண்டு, ஆட்டி எடுத்துப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆனால் சப்போட்டாக் குடும்பத்து விதைகளில் சப்போனின் என்ற கசப்புப் பொருள் இருப்பது பொதுவானது. இலுப்பைப் பிண்ணாக்கைப் போட்டு மீன் பிடித்த பழைய வழக்கத்துக்குக் காரணம் அந்தச் சப்போனின்தான். எண்ணெய் எடுப்பது வேறு, பருப்பை அப்படியே மெல்லுவது வேறு.

பழம் நாள்பட நிற்காது. அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். உலர்த்தினால் நிற்கும். குஜராத்தில் ராயணை வெயிலில் காயவைத்து, திராட்சை வற்றலைப்போல் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள், விரத நாட்களில் தின்பதற்கு அது விலைபோகிறது. வன்னியில் சாற்றைப் பிழிந்து காய்ச்சிப் பாணியாக்கி, அதாவது பாகாக்கி, வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. உங்கள் மரத்தில் நிறைய உதிர்கிறதென்றால் உலர்த்திப் பாருங்கள் என்பேன். விதையை எடுத்துவிட்டு, துணி மேல் ஒற்றை வரிசையாகப் பரப்பி, ஈ மொய்க்காமல் மெல்லிய துணியால் மூடி வையுங்கள். வெயில் நன்றாக அடித்தால் சீக்கிரம் சுருங்கும். மழைமேகம் கூடும் நாளில் தொடங்க வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும்.

பறிக்கும் முறை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பழம் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை, ஒரே கொத்தில் காயும் கனியும் சேர்ந்தே இருக்கும். பொறுமையில்லாதவர்கள் கிளையை வெட்டிக் கீழே தள்ளிப் பறிப்பார்கள். இந்த மரம் வளருகிற வேகத்தில், இன்று வெட்டின கிளை திரும்ப அந்த அளவுக்கு வர ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடித்துவிடும். காலையில் அடியில் பழைய சேலை ஒன்றை விரித்துவிட்டு, எட்டுகிற கிளையை மெதுவாக உலுக்கினால் போதும், கனிந்தது மட்டும் விழும்.

கீழே விழுவதில் பாதியை விட்டுவிடவும் வேண்டும். உபதேசத்துக்காகச் சொல்லவில்லை, மரம் பரவுவதே இந்தப் பழம் தின்னிகளால்தான். பச்சைப்புறா, இருவாச்சி, பழந்தின்னி வௌவால், மரநாய், நரி, குரங்கு எல்லாம் இதைத் தின்னும். இலங்கையின் யால காட்டில் பாலை பழுக்கும் மாதங்களில் கரடிகளைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். மற்ற நாளில் கண்ணில் படாத கரடி அப்போது பகலிலேயே மரத்தில் ஏறி உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். கரடிக் காட்டில் பழம் பொறுக்கப் போவது உயிரோடு விளையாடுவது. உங்கள் ஊரில் அந்தக் கவலை இல்லை. மயிலும் அணிலும் வௌவாலும்தான் உங்களுக்குப் போட்டி.

இந்த மரம் எங்கே இயல்பாக வளரும் என்பதைத் தெரிந்துகொண்டால், நடலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு விசேஷமான காடு உண்டு. வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும், அப்புறம் நீண்ட வறட்சி. அப்படியிருந்தும் மரங்கள் இலையை உதிர்க்காமல் கோடையிலும் பச்சையாக நிற்கும். தடித்த, தோல் போன்ற இலைக்கு வேலையே நீரைப் பிடித்துவைப்பதுதான். அந்தக் காட்டின் தலையாய மரம் பாலை. கூடவே வீரை, காயா, கருங்காலி வகைகள். ஆந்திரத்தின் ஸ்ரீஹரிகோட்டாவிலும், விழுப்புரம், கடலூர், புதுக்கோட்டை மாவட்டக் கோயில் காடுகளிலும், கோடியக்கரையிலும் இந்தக் காட்டின் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. கோடியக்கரை 1967-இல் சரணாலயம் ஆனது. வெளிமானும் பறவையும் பார்க்கப் போகிறவர்கள் நடந்து போவதே பாலை மர நிழலில்தான், அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. அங்கே கடற்காற்றில் மரம் குட்டையாகவே நிற்கும். வன்னியின் உட்காட்டில் இதே மரம் நெடுநெடுவென்று உயர்ந்து, முதிரைக்கும் வீரைக்கும் மேலே தலை நீட்டும். ஒன்றை மறக்காதீர்கள், சரணாலயத்துக்குள் பழமோ விதையோ எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விதை வேண்டுமென்றால் உங்கள் ஊர் மரத்திலிருந்தே எடுங்கள்.

ஐந்திணையில் வரும் பாலைக்குப் பெயர் தந்தது இந்த மரம்தானா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வெட்பாலை என்பாரும் உண்டு, உலக்கைப்பாலை என்பாரும் உண்டு. அறிஞர்கள் ஒத்துப்போகாத விஷயம், நாற்றங்கால்காரன் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டை மருந்துக்கு வருவோம். பட்டையில் துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு, காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கஷாயமாகக் கொடுக்கும் நாட்டு வழக்கம் உண்டு. இது உறுதி. பட்டைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்து வயிற்றுப்புண் ஆறுகிறதா என்று பார்த்த ஆய்வுகளும் வந்திருக்கின்றன, அதுவும் உறுதி. ஆனால் எலிக்கு ஆய்வுக்கூடத்தில் அளந்து கொடுத்த சாறும் நீங்கள் வீட்டில் காய்ச்சும் கஷாயமும் ஒன்றாகாது. எலியில் நல்ல பலன் கிடைத்தது என்பதை வைத்து மனிதனுக்கு அளவு சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல், ஏட்டிலோ யாரோ சொன்ன குறிப்பிலோ 'பாலைப்பட்டை' என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பாலை என்பது தெரியாது. வயிற்றுப்போக்கு மருந்தாகச் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் முக்கியமாகப் பயன்படுத்துவது குடசப்பாலைப் பட்டை, அது வேறு மரம், வேறு வீரியம். எனவே பட்டை மருந்து வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். மரத்தின் பக்கத்தில் நின்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். இலையில் உருவாகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கோயில் காடுகளில் வெட்டுக்குத் தப்பிய மரங்கள் இப்படிப் பட்டை உரிப்பில் காய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மரத்தின் வைரத்தை, அதாவது உள்ளே இருக்கிற கெட்டிக் கட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் வேறு யாராவது வந்து ஆசை காட்டுவார்கள். உலக்கைப்பாலை என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. செஞ்சிவப்பு வைரம், காய்ந்த பிறகும் கனமீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தொடும் அல்லது தாண்டும், அதாவது தண்ணீரில் போட்டால் மூழ்கும். உலக்கை, செக்கு, ஆயுதப் பிடி, வீட்டுத் தூண், பாலத்துக்குத் தாங்குகட்டை என்று பயன்பட்டது. இலங்கையில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டையாகவே ஏராளமாகப் போயிற்று. கறையானும் அழுகலும் எளிதில் அண்டாது. எல்லாம் உண்மைதான். ஆனால் அறுப்பது பெரும்பாடு, வாளின் பல் மழுங்கும், காய்ந்த மரத்தில் ஆணி இறங்காது. தச்சர்கள் பச்சையிலேயே வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். மரத்துக்காக நடுவது என்பது பேச்சுக்கே இடமில்லாதது. நூறு ஆண்டு மரத்தைத் தூணுக்கு வெட்டிய தலைமுறை எதையும் நடவில்லை, அதனால்தான் இன்று நாம் கோயில் காட்டில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனி அந்த இரண்டு ஏக்கர். பழ வருமானத்துக்காகப் பாலைத் தோப்பு போடாதீர்கள் என்பதுதான் என் பதில். காரணம் முதலில் காலம். விதையிலிருந்து வளர்ந்த பாலை நாற்றங்காலிலேயே ஒரு சாண் உயர ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளும். காய்ப்புக்கு வர எட்டு, பத்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், வறண்ட நிலத்தில் அதற்கு மேலும் ஆகும். அடுத்தது, விதைக் கன்று தாயைப்போல் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஒன்று பெரிய பழமாகக் கொடுக்கும், பக்கத்து மரம் தோலும் விதையுமாகக் கொடுக்கும், இன்னொன்று ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும். அப்புறம் பறிப்புக் கூலி. சின்னப் பழம், ஒரே நாளில் பழுக்காத பழம், இரண்டு நாளில் கெடும் பழம், நம் பக்கத்தில் வாங்கும் பழக்கம் இல்லாத பழம். இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். குஜராத்தில் நிலைமை வேறு. அங்கே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோத்ராவை ஒட்டிய வேஜல்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் நல்ல மரங்களைத் தேர்ந்தெடுத்து 'தார் ரிதுராஜ்' என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தேர்வு மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய கன்று கிடைத்தால் காத்திருப்புக் காலம் நன்றாகக் குறையும். அதை வரவழைத்து வீட்டுக்கு இரண்டு மூன்று மரம் வைப்பது நல்ல யோசனை. இரண்டு ஏக்கரையும் அதில் முடக்குவது நல்ல யோசனை இல்லை.

ஆனால் பாலையால் காசு பார்க்கிறவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள், சந்தையில் அவர்களைப் பார்க்க முடியாது. நாற்றங்காலில் பார்க்கலாம். நீங்கள் கடையில் வாங்கும் சப்போட்டாவில் பெரும்பாலானது பாலையின் வேரில் நிற்கும் மரத்தில் காய்த்தது. சப்போட்டா மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். நம் வறட்சிக்கும் மண்ணுக்கும் பழகிய பாலையை வேர்க்கன்றாக வைத்து அதன் மேல் சப்போட்டாவை ஒட்டினால் மரம் திடமாக வளரும், நெடுங்காலம் நிற்கும், நன்றாகக் காய்க்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சப்போட்டாவுக்குப் பாலை வேர்க்கன்றில் கட்டிய ஒட்டைத்தான் பரிந்துரைக்கிறது. இங்கேதான் சிக்கல், வேர்க்கன்று பென்சில் தடிமன் வர இரண்டு ஆண்டுக்கு மேல்கூட ஆகிறது. விதை கிடைப்பதும் வரவரக் குறைகிறது. ஒட்டுக் கன்று கட்டும் நாற்றங்கால்களுக்கு நல்ல பாலைக் கன்று எப்போதும் தேவைப்படுகிறது. உங்களிடம் விதை உதிர்க்கும் தாய்மரம் இருக்கிறது. பொறுமையும் கொஞ்சம் நிழல்வலையும் இருந்தால், மரத்துக்கு ஒரு சேதமும் இல்லாமல் வருமானம் வரக்கூடிய வழி இதுதான். கன்று போடுவதற்கு முன்னால் சுற்று வட்டாரத்தில் ஒட்டுக் கட்டும் நாற்றங்கால் ஒன்றோடு பேசி, என்ன உயரத்தில், என்ன தடிமனில் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். கன்று வளர்ந்த பிறகு வாங்க ஆள் தேடுவது தப்பான வரிசை.

இதே காரணத்தால் இன்னொரு விஷயமும் உங்கள் பக்கம் நடக்கக்கூடும். சப்போட்டா ஒட்டு நட்டேன், பத்து வருஷமாகியும் சப்போட்டாவே காய்க்கவில்லை, ஏதோ வேப்பம்பழம் மாதிரி காய்க்கிறது என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. நாற்றங்கால்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கோபமாக வருவார்கள். நடந்தது என்னவென்றால், ஒட்டுக்குக் கீழே பாலை துளிர்த்திருக்கிறது, அதைக் கிள்ளாமல் விட்டுவிட்டார்கள். அது ஓங்கி வளர, மேலே இருந்த சப்போட்டா நலிந்து செத்துவிட்டது. நிற்பது பாலை மரம். சப்போட்டா நட்டால் ஒட்டு மூட்டு மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும், மூட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனுக்குடன் கிள்ள வேண்டும். நுனி உள்வாங்கிய சின்ன இலை என்றால் பாலைத் துளிர், நுனி நீண்ட பெரிய இலை என்றால் சப்போட்டா. அப்படிப் பாலையாகிவிட்ட மரத்தை வெட்டிப் போட வேண்டியதில்லை. வேர் நன்றாக ஊன்றியிருக்கிறது, இளங்கிளைகளில் மறுபடி சப்போட்டாவை ஒட்டலாம், அல்லது விதை மரமாக விட்டுவிடலாம்.

விதை போடும் முறைக்கு வருகிறேன். பழம் தின்ற சூட்டிலேயே விதைப்பது நல்லது, விதையைக் கழுவிச் சதையைப் போக்கி, நிழலில் உலர்த்தி, சில நாட்களுக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கு என்று டப்பாவில் சேர்த்துவைத்தால் முளைப்புத் திறன் விழுந்துவிடும். தண்ணீரில் மிதக்கிற விதையை ஒதுக்குங்கள். விதைத்தோல் கெட்டி என்பதால் ஓரமாக ஒரு முனையில் லேசாக உரசிவிட்டு, ஒரு நாள் ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கிறது. உள்ளே பருப்பில் காயம் பட்டுவிடக் கூடாது. மணலும் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்த பாத்தியில் ஒரு விரல்கணு ஆழம் போதும். எல்லாம் ஒன்றாக முளைக்காது. சில மூன்று வாரத்தில் தலைகாட்டும், சில இரண்டு மாதம் கழித்து வரும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கிளறிவிடாதீர்கள். முளைத்த கன்றுக்கு முதல் ஆண்டு நேர்வெயில் ஆகாது. காட்டில் இது பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகிய கன்று. ஆணிவேர் வேகமாக இறங்கும், அதனால் சின்னப் பையில் நீண்டநாள் வைத்தால் வேர் சுருண்டுவிடும். உயரமான பை எடுங்கள்.

இரண்டு ஏக்கரை எப்படிப் பிரிக்கலாம் என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொஞ்சமாவது உண்டென்றால், நடுவில் பாலை வேரில் கட்டிய சப்போட்டாவை 8 மீட்டருக்கு 8 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். வேலியோரம் முழுக்க விதைப் பாலையை வையுங்கள், காற்றுத் தடுப்பாக நிற்கும், பறவை வரும், பின்னாளில் பழமும் விதையும் தரும். தண்ணீரே இல்லாத நிலம் என்றால் சப்போட்டாவை மறந்துவிட்டு நாவல், விளா, இலந்தை போன்ற சீக்கிரம் பலன் தரும் மரங்களோடு பாலையைக் கலந்து நடுங்கள். பாலையை மட்டும் தனியே நட்டு அதை எதிர்பார்த்து உட்காருவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கடைசியாக, தாய்மரம் நிற்கும் அந்தக் கோயில் காடு. அது யார் பெயரில் இருக்கிறது, அறநிலையத் துறையா, வருவாய்த் துறையா, ஊராட்சியா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், விதை பொறுக்குவதற்கும் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. மரத்தடியில் பாலைக் கன்று ஏதாவது தென்படுகிறதா என்று பாருங்கள். பெரிய மரம் இருந்தும் கீழே கன்றே இல்லாத காடுகள்தான் இன்று அதிகம். ஆடு மேய்ந்துவிடுகிறது, திருவிழாவுக்கு என்று சருகைக் கூட்டி எரித்துவிடுகிறார்கள், மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட்டுவிடுகிறார்கள், வெளியிலிருந்து சீமைக்கருவேல் நுழைந்துவிடுகிறது. இதில் சீமைக்கருவேலைத் தூரோடு எடுப்பதும், சருகை எரிக்காமல் விடுவதும் செலவில்லாத வேலை. ஊரில் பேசி, மரத்தின் நிழல் விழும் வட்டத்தின் ஓரமாகப் பத்தடிக்குப் பத்தடி இடத்தை மட்டும் முள்வேலி போட்டு மறையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் நாற்றங்காலில் வளர்ந்த கன்றுகளில் நாலைந்தை அதற்குள் நட்டுவிடுங்கள். ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை வேலியைப் பிரிக்க வேண்டாம். அது எத்தனை மழைக்காலம் எடுக்கும் என்பது உங்கள் மண்ணைப் பொறுத்தது, நான்கைந்தாவது ஆகும்.